உள்ளிருந்து திறக்காத கதவு

அம்பாசிடர் டாக்சியில் ஏறி இறங்கிய தலைமுறைக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வண்டி நிற்கும். பின்சீட்டுக்காரர் கதவின் கைப்பிடியைத் திருப்புவார். அது தொளதொளவென்று சுற்றும், கதவு அசையாது. "இருங்க சார், அது அப்படித்தான்" என்றபடி டிரைவர் இறங்கி வந்து வெளியிலிருந்து திறந்துவிடுவார். டிரைவருக்கு இறங்க மனமில்லை என்றால், கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுத் திறந்துகொள்ள வேண்டியதுதான். கண்ணாடியை இறக்கும் கைப்பிடியும் கழன்று போயிருந்தால் சீட்டில் நகர்ந்து நகர்ந்து மறுபக்கக் கதவு வழியாக இறங்க வேண்டும்.

அந்த வண்டிகளில் எஞ்சியவற்றில் பல இப்போது ஆர்வலர்களின் ஷெட்டுகளில் உறை போர்த்தி நிற்கின்றன. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் அம்பாசிடரைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் அந்த ஆலையில் வேலை நிறுத்தப்படும் வரை உடலமைப்பு பெரிதாக மாறவில்லை. வண்டியை வாங்கியவர்கள் முதலில் இன்ஜினைப் பிரிக்கிறார்கள், அப்புறம் பெயின்ட் அடிக்கிறார்கள், ரெக்சின் மாற்றுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, நண்பரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்து நிறுத்தினால் கதவு உள்ளிருந்து திறப்பதில்லை!

கடைக்குப் போய் வேறு கைப்பிடி வாங்கி மாட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. சில மாதங்களில் அதுவும் உடைகிறது. காரணம், பெரும்பாலும் பழுது கைப்பிடியில் தொடங்குவதில்லை. கதவுக்குள் வேறொன்று இறுகியிருக்கிறது. அந்த இறுக்கத்தை வெல்ல மனிதக் கை கூடுதலாக இழுக்கிறது. இருப்பதிலேயே மெலிந்த உறுப்பான கைப்பிடி தோற்றுப்போகிறது. இதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கினால் பாதிச் செலவு மிச்சம்.

கதவுக்குள் இருப்பது என்னவென்று பார்த்துவிடலாம். உள் கைப்பிடி ஒரு சிறிய தண்டின் மேல் அமர்ந்திருக்கிறது. பல கார்களில் அந்தத் தண்டு சதுரம், சிலவற்றில் பல் வெட்டிய உருளை. கைப்பிடியைத் திருப்பினால் தண்டு திரும்பி, தகடு ஒன்றில் பொருத்திய நெம்பை நகர்த்துகிறது. நெம்பு ஒரு நீளமான கம்பியை இழுக்கிறது. கம்பியின் மறுமுனை கதவின் விளிம்பில் இருக்கும் லாக்கில் மாட்டியிருக்கிறது. லாக்குக்குள் இருக்கும் நாக்கு விலகியதும், தூணில் திருகியிருக்கும் ஸ்ட்ரைக்கர் தகட்டின் பிடி விடுகிறது. வெளிக் கைப்பிடிக்கு இந்தச் சுற்றுவழி கிடையாது. அது லாக்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நேரடியாக வேலை செய்கிறது.

ஆகவே ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் நோயைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். வெளியிலிருந்து சுலபமாகத் திறக்கும் கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லையென்றால், பழுது கைப்பிடிக்கும் லாக்குக்கும் இடையே எங்கோ இருக்கிறது. இரண்டு பக்கமும் முரண்டு பிடித்தால் லாக்கையோ கீல்களையோ சந்தேகிக்க வேண்டும். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் தண்டின் மேல் அது வழுக்குகிறது, அல்லது கம்பி கழன்றிருக்கிறது. கைப்பிடி ஓரளவு நகர்ந்து சட்டென்று நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இறுகியிருக்கிறது. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். கூடாது.

கைப்பிடி ஏன் அவ்வளவு எளிதில் உடைகிறது என்பது உலோகத்தில் இருக்கும் கதை. மேலே பளபளக்கும் குரோம் பூச்சைப் பார்த்து இரும்பு என்று நினைப்போம். அந்தக் காலக் கார்களின் கைப்பிடிகளில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சில் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்தவை. சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்த இந்தக் கலவை கிட்டத்தட்ட 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அச்சும் நீண்ட நாள் உழைக்கும், நுணுக்கமான வளைவுகளும் துல்லியமாக விழும். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியான கைப்பிடிகள் வேண்டிய கார் ஆலைக்கு இதைவிட வசதியான பொருள் அமையவில்லை.

வசதிக்கு ஒரு விலை இருந்தது. கலவையில் ஈயம், காட்மியம், வெள்ளீயம் ஆகியவை துளி அளவு கலந்துவிட்டாலும் உலோகத்தின் மணிகளுக்கிடையே மெதுவாக அரிப்பு தொடங்கும். ஆண்டுகள் போகப் போகப் பொருள் உப்பும், வெடிப்பு விடும், கடைசியில் விரலால் நசுக்கினாலே உதிரும். 1920களில் இந்த நோயின் காரணம் பிடிபட்டது. அமெரிக்காவின் நியூஜெர்சி ஜிங்க் நிறுவனம் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு 1929-இல் ஸமாக் என்ற கலவை வரிசையை உருவாக்கியபோது நோய்க்கு மருந்தும் கிடைத்தது. ஆனால் எல்லா வார்ப்பாலைகளும் எல்லாக் காலத்திலும் அந்தத் தூய்மையைக் காத்தன என்று சொல்லிவிட முடியாது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் இந்த அரிப்பு வேகம் பிடிக்கும் என்பதால், சென்னை, மும்பை போன்ற கடற்கரை ஊர்களில் வாழ்ந்த வண்டிகளின் கைப்பிடிகளை வாங்குமுன் இரண்டு முறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

நல்ல கலவையில் வார்த்த கைப்பிடியும் ஓயாத முறுக்கலைத் தாங்காது. எஃகுத் தண்டின் சதுர முனைகள், மென்மையான துத்தநாகத் துளையின் மூலைகளை மெல்ல மெல்லத் தின்கின்றன. சதுரத் துளை வட்டமாகிவிட்டால் கைப்பிடி சுற்றும், தண்டு சுற்றாது.

அப்படி முறுக்க வைப்பது எது? முதல் ஆள் பழைய கிரீஸ். ஐம்பது ஆண்டுக்கு முன் ஆலையில் தடவியது காய்ந்து, சாலைப் புழுதியோடு சேர்ந்து பசையாக மாறியிருக்கும். இரண்டாவது, கதவின் தொங்கல். எடையுள்ள இரும்புக் கதவை ஆண்டுக்கணக்கில் தாங்கிய கீல் முளை தேய்ந்து, கதவின் பூட்டு முனை கீழே இறங்கிவிடும். லாக்கும் ஸ்ட்ரைக்கரும் நேர்க்கோட்டில் இல்லாமல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கதவைச் சற்றே திறந்து, முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். மூன்றாவது காரணம் கொஞ்சம் வேடிக்கையானது: புது பீடிங். வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று அளவில் தடித்த ரப்பரைக் கதவைச் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள். ரப்பர் கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் லாக்கின் நாக்கு எந்நேரமும் சுமையோடு நிற்கிறது. வண்டி புதுசாகிறது, கைப்பிடி உடைகிறது.

சரி, கழற்ற வேண்டும். இங்கேதான் அவசரக்காரர்கள் கையை வைத்து ரெக்சினைக் கிழிப்பார்கள். கைப்பிடியில் திருகே தெரியாது. 1940, 50களின் பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த முறை ஒன்று உண்டு. கைப்பிடிக்கும் கதவின் உறைப் பலகைக்கும் நடுவே ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதன் பின்னால் ஸ்பிரிங். தட்டை இரண்டு பக்கமும் சமமாக உள்ளே அழுத்தினால் கைப்பிடியின் கழுத்து தெரியும். அதில் குறுக்கே ஒரு சின்ன முளை. மெல்லிய கம்பியால் தள்ளினால் முளை விழும், கைப்பிடி கையோடு வந்துவிடும். முளை எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். அடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

அமெரிக்கக் கார்களில், குறிப்பாக ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில், முளைக்குப் பதில் லாட வடிவக் கிளிப் இருக்கும். கைப்பிடிக்கும் பலகைக்கும் இடையே ஒளிந்திருக்கும் அதைத் தள்ள தட்டையான தனிக் கருவி உண்டு. இல்லாதவர்கள் ஒரு நீளமான துணிப் பட்டையை இடைவெளியில் நுழைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் இடமும் வலமும் இழுப்பார்கள். துணியின் நூல் கிளிப்பின் முனையைப் பற்றி இழுத்துவிடும். கிளிப் எங்காவது பறந்தும் போகும், கண்ணுக்குக் கண்ணாடி அணிவது வீண் எச்சரிக்கை அல்ல. வேறு சில கார்களில் சாதாரணத் திருகுதான், ஆனால் மேலே மூடி போட்டு மறைத்திருப்பார்கள். நகத்தால் நெம்பினால் மூடி வரும்.

கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கை வைக்கும் திண்டு ஆகியவற்றைக் கழற்றியபின் மெக்கானிக்குகள் ‘டோர் பேட்’ என்று சொல்லும் உறைப் பலகை வரும். அழுத்திய அட்டையின் மேல் ரெக்சின் ஒட்டியது அது. பின்புறம் வரிசையாக ஸ்பிரிங் கிளிப்புகள் கதவின் துளைகளில் பொருந்தியிருக்கும். நடுவில் பிடித்து இழுத்தால் கிளிப் வராது, அட்டை கிழிந்து கிளிப் கதவிலேயே நிற்கும். டேப் சுற்றிய பட்டைக் கத்தியைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நுழைத்து ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். மழைநீர் பட்டு ஊறிய அட்டை என்றால் இன்னும் கவனம். கதவு மூடிய நிலையிலேயே அடம்பிடித்து, வெளியிலும் திறக்காமல் நின்றுவிட்டால் இந்த வேலை முழுவதையும் சீட்டைக் கழற்றிவிட்டு, வண்டிக்குள் மடங்கி உட்கார்ந்து செய்தாக வேண்டும். மெக்கானிக்குகள் கூலியை உயர்த்திச் சொல்லும் கட்டம் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது.

பலகைக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது காத்திருக்கும். பழைய முளைகள், உடைந்த ஸ்பிரிங், யாரோ விட்டுப்போன வாஷர். கதவின் அடியில் சேறு. கண்ணாடியின் பக்கவாட்டில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பானது, அது வெளியேறக் கீழ்விளிம்பில் துளைகள் விட்டிருக்கிறார்கள். அவை அடைபட்டால் நீர் தேங்கி அடித்தகடு துருவேறும், ஈரம் லாக்கு வரை ஏறும். கைப்பிடிக்காகக் கதவைத் திறந்தவர் அந்தத் துளைகளையும் ஒரு கம்பியால் குத்திவிடலாம், ஐந்து நிமிட வேலை.

அடுத்தது கழுவல். லாக்கைக் கழற்றி மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்புப் பசை கரையும். இதைச் செய்யாமல் மேலேயே புது எண்ணெய் விடுவது பட்டறைகளில் தினமும் நடக்கும் சோம்பல் வேலை. இன்ஜின் ஆயிலை ஊற்றினால் கதவு அன்றைக்கு வெண்ணெயாகத் திறக்கும். ஆனால் எண்ணெய் புழுதியை இழுத்து, சீக்கிரமே பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். நன்றாக உலர்த்தி, நகரும் இடங்களில் மட்டும் மெல்லியதாக லித்தியம் கிரீஸ் தடவினால் போதும். கம்பியின் முனைகளில் இருக்கும் சிறு கிளிப்புகளும் தேய்ந்த துளைகளும் இந்தச் சமயத்தில் கவனிக்க வேண்டியவை. இரண்டு முனையிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலே, கைப்பிடி முழுசாகத் திரும்பியும் லாக்கின் நாக்கு முழுசாக விலகாது.

ஸ்ட்ரைக்கர் தகட்டைத் தளர்த்துமுன் அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வது பழைய டிங்கர்கள் கற்றுத்தரும் முதல் பாடம். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தியதா, மூன்று மில்லிமீட்டர் நகர்த்தியதா என்று அப்புறம் சண்டை போட வேண்டியதில்லை. கீலே தேய்ந்திருந்தால் ஸ்ட்ரைக்கரைக் கீழிறக்கிச் சமாளிப்பது தற்காலிகம்தான். லேத்தில் புது முளையும் பித்தளை புஷ்ஷும் கடைந்து போடுவதே சரியான வேலை.

இனி உடைந்த கைப்பிடிக்கு வரலாம். துளை கொஞ்சம் மட்டும் தேய்ந்திருந்தால், சதுரத் தண்டைச் சுற்றி மெல்லிய பித்தளைத் தகட்டை மடித்துச் செருகி இறுக்கலாம். அதிகம் தேய்ந்ததென்றால் துளையைப் பெரிதாக்கி, சரியான சதுரம் வெட்டிய எஃகு புஷ்ஷை உள்ளே பதிக்க வேண்டும். நல்ல லேத்காரருக்கு இது கடினமான வேலை அல்ல. எம்-சீல் போட்டு நிரப்பும் வைத்தியமும் உண்டு. அது காய்ந்தபின் கல்லாகத்தான் நிற்கும், முறுக்கு விசை வந்ததும் பெயர்ந்துவிடும்.

வெல்டிங் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேஸ் வெல்டிங் சுடரின் முன் துத்தநாகக் கலவை சிவந்து எச்சரிக்கை தருவதில்லை, திடீரென்று குழைந்து சொட்டிவிடும். துத்தநாகம் ஆவியாகிக் கிளம்பும் வெள்ளைப் புகையை மூக்கில் இழுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும், பித்தளை வார்ப்பவர்களுக்குப் பழக்கமான உபாதை அது. குறைந்த வெப்பத்தில் உருகும் தனி ஒட்டுக் கம்பிகள் கிடைக்கின்றன என்றாலும், பூச்சை முழுவதும் சுரண்டிவிட்டுப் பொறுமையாகச் செய்யத் தெரிந்த கை வேண்டும்.

முறிந்தே போன கைப்பிடிக்கு இன்னொரு வழி, பித்தளையில் புதிதாக வார்ப்பது. முறிந்ததை ஒட்டிச் சரிசெய்து அச்செடுத்து, மெழுகில் உருவாக்கி, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றலாம். சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறைகளில் இன்றும் நடக்கும் அதே மெழுகு முறைதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. உலோகம் ஆறும்போது சுருங்கும், பழைய கைப்பிடியை அப்படியே அச்செடுத்தால் புதியது சற்றுச் சிறுத்துவிடும். வெளித்தோற்றத்தில் அது தெரியாது, சதுரத் துளையில் தெரிந்துவிடும். துளையை வார்க்காமல் விட்டுவிட்டு, பிறகு துளையிட்டு அரத்தால் சதுரமாக்குவதே புத்திசாலித்தனம். பித்தளைக் கைப்பிடி துத்தநாகத்தைவிடக் கனமாகவும் வலுவாகவும் இருக்கும்.

பழைய பாகம் தேடுவோருக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரும், டெல்லியில் காஷ்மீரி கேட்டும் இருக்கின்றன. கடையில் நின்று பார்க்க வேண்டியவை மூன்று: துளையின் மூலைகள் கூராக இருக்கின்றனவா, கழுத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, பூச்சுக்கடியில் கொப்புளம் இருக்கிறதா. உடைந்த கைப்பிடியைக் கையோடு கொண்டுபோவது அவசியம். இடது வலது மாறும், ஆண்டுக்கு ஆண்டு தண்டின் அளவும் மாறும்.

கைப்பிடி என்று ஒன்று வேண்டுமா என்றே சில வடிவமைப்பாளர்கள் கேட்டிருக்கிறார்கள். 1959-இல் வந்த முதல் மினியில் உள் கைப்பிடி கிடையாது. கதவின் குறுக்கே ஒரு கயிறு மட்டும் ஓடும், அதை இழுத்தால் கதவு திறக்கும். உடைய எதுவும் இல்லை, அறுந்தால் வேறு கயிறு. 1973-இன் போர்ஷே 911 காரெரா ஆர்.எஸ். காரின் எடை குறைந்த வகையில், சில கிராம்களை மிச்சம் பிடிக்க ஒரு பட்டை மட்டுமே இருந்தது. பந்தயக்காரர்கள் அதைப் பெருமையாகவே நினைத்தார்கள்.

மறுபக்கம், கதவு தவறித் திறந்துவிடக் கூடாது என்ற கவலையும் வளர்ந்தது. விபத்தில் கதவு பிளந்து ஆட்கள் வெளியே வீசப்படுவதைக் கண்ட ஃபோர்டு, 1956 மாடல்களில் இரட்டைப் பிடி லாக்குகளைப் பொருத்தி விளம்பரம் செய்தது. 1968 முதல் அமெரிக்காவில் கதவு லாக்குகளுக்கே தனிப் பாதுகாப்பு விதி வந்தது. 1953-இன் ஃபியட் 1100 போன்ற கார்களின் முன்கதவுகள் பின்பக்கம் கீல் வைத்தவை. ஓடும்போது லாக் விட்டால் காற்றே கதவைப் பிய்த்துத் திறந்துவிடும். கதவு சுலபமாகத் திறக்கட்டும் என்று லாக்கின் நாக்கை அரத்தால் ராவுகிற பட்டறைகளைக் கண்டால் விலகிப் போக வேண்டியதன் காரணம் இதுதான்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் ஒரு சோதனை பாக்கி. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, லாக்கின் நாக்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளிப் பூட்டிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது உள் கைப்பிடியைத் திருப்பினால் நாக்கு முழுதாக விடுபட வேண்டும். அப்புறம் வெளிக் கைப்பிடி. இரண்டும் பலமுறை சரியாக வேலை செய்த பிறகே கதவைச் சாத்தலாம். கம்பியை மாட்ட மறந்து கதவைச் சாத்தியவர் மறுபடி சீட்டைக் கழற்ற வேண்டியதுதான். பல் வெட்டிய தண்டு என்றால் கைப்பிடி நிற்கும் கோணத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நாக்கு விடுபடுமுன் கைப்பிடி திண்டில் போய் முட்டும்.

போட்டிகளுக்கு வண்டியை அனுப்புகிறவர்களுக்கு அசல் தன்மை பெரிய விஷயம். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும், வண்டி அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. ஒரு கைப்பிடியை மாற்றியதற்காகப் பதிவு மறுக்கப்படாது. ஆனால் அம்பாசிடரில் மாருதி கைப்பிடியைப் பார்க்கும் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

குரோம் பூச்சுதான் கடைசிச் செலவு. துத்தநாகத்தை நேராக அமிலக் குளியலில் போட்டால் அரித்துவிடும். முதலில் காரக் கரைசலில் மெல்லிய செம்புப் படலம், அதன் மேல் தடித்த செம்பு, பிறகு நிக்கல், கடைசியில் குரோம் என்று போக வேண்டும். பழைய பூச்சில் குழிகள் இருந்தால் செம்பை நிரப்பி நிரப்பி பஃபிங் செய்ய வேண்டும், கூலியில் பெரும் பங்கு அதற்கே போகும். ஒரு கைப்பிடியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் பிளேட்டிங் கடைக்காரர் நான்கையும் கொண்டுவரச் சொல்வார். வியாபாரத்துக்காகச் சொல்வதுபோல் தோன்றினாலும் அவர் சொல்வது சரிதான். புதுப் பூச்சு ஏறிய ஒன்று, மங்கிய மூன்றையும் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிகளையும் சேர்த்தால் எட்டு. நாலு கதவின் டோர் பேடும் எப்படியும் கழன்றாக வேண்டும் என்பதால், லாக்குகளைக் கழுவிக் கிரீஸ் வைக்கும் வேலையையும் அதே கையோடு முடித்துக்கொள்ளலாம்.